புறங்கை

டேனிஷ் தலைநகருக்குப் பக்கத்தில் இஷொய் என்ற ஊரில், எங்கள் வீட்டுக் குசினியில் மின்னடுப்பை அணைத்த பிறகு, அதன்மேல் நான் ஒருதரம் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். என் மனைவி சாந்தி அதைக் கண்டால் சிரிப்பாள். "அண்ணை வந்திட்டார்" என்பாள். மனிதரை விட்டு வந்து எத்தனையோ வருடம். அவருடைய பழக்கம் மட்டும் எங்களோடு ரயிலேறி வந்துவிட்டது.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. நாங்கள் இருவரும் வேலை செய்த யன்னல் தொழிற்சாலையில் கழுத்தில் தொங்கும் அட்டையில் அது நீளமாக அச்சாகியிருக்கும். டேனிஷ்காரர் அதில் முதல் மூன்று எழுத்தோடு களைத்துப்போய் நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு அவர் அண்ணை. நாங்கள் முன்பு இருந்த அந்த ஊரின் ஏழு தமிழ்க் குடும்பங்களிலும் வயதுக்கு மூத்தவர்கூட அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டார். தன்னைப்பற்றி எழுதுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

ஊர் யூட்லாந்துத் தீபகற்பத்தின் வடமேற்கு மூலையில் இருந்தது. ஒரு தேவாலயம், ஒரு கடை, யன்னல் தொழிற்சாலை, அதைச் சுற்றி முந்நூறு வீடு. ஊர் முடியும் இடத்தில் ஊசியிலை மரக் காடு தொடங்கும். காட்டுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் 'லிங்' என்று அவர்கள் சொல்லும் முழங்கால் உயரப் புதர்வெளி. ஆவணியில் அது ஊதாப் பூவாகக் கிடக்கும், சுற்றுலாக்காரர் வந்து படம் எடுப்பார்கள். சித்திரையிலும் வைகாசியிலும் அது வெறும் சருகு. அந்த மாதங்களில் கிழக்குக் காற்று ஈரமே இல்லாமல் நாள்கணக்கில் வீசும். அப்போது நகராட்சி வெளியில் தீ மூட்டத் தடை போடும்.

அண்ணை அந்த ஊரின் பகுதிநேரத் தீயணைப்பு வீரர். இடுப்பில் எந்நேரமும் பேஜர். அது கத்தினால் ஐந்து நிமிடத்தில் நிலையத்தில் நிற்க வேண்டும். அதனால் அவருடைய உலகமே அந்த ஐந்து நிமிடத் தூரத்துக்குள் சுருங்கிக் கிடந்தது. கோல்டிங் நகரத்தில் கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று நாங்கள் கார் கட்டிப் போவோம். அவர் வரமாட்டார். பரிசை எங்களிடம் தந்துவிடுவார், திரும்பி வரும்போது வடையும் பலகாரமும் கொண்டுவரச் சொல்லுவார். எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய நாளில், பால் பொங்கி வருகிற நேரம் பார்த்துப் பேஜர் கத்தியது. மனிதர் தோளில் போட்டிருந்த சால்வையை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். ஆனாலும் கதவடியில் நின்று திரும்பிப் பார்த்து, "அடுப்பை நிப்பாட்டினதும் கை வைச்சுப் பார் பிள்ளை" என்று சாந்திக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இதுதான் அவர். அணைந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார். எங்கள் மகள் ஆரணியின் பிறந்தநாளில், அவள் ஊதி முடித்து எல்லோரும் கைதட்டும்போது, அண்ணை மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போவார். திரியை நனைத்துக் கொண்டுவந்து வைப்பார். மகள் டேனிஷில் முறையிடுவாள், "அப்பா, அந்த மாமா மறுபடியும் என் மெழுகுதிரியை நனைத்துவிட்டார்!" என்று. அவருக்கு அது புரியும். அடுத்த வருடமும் நனைப்பார்.

உள்ளங்கையை வைக்கமாட்டார், எப்போதும் புறங்கைதான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ளங்கை கண்ணாடி தூக்கித் தூக்கி மரத்துப்போச்சு தம்பி. புறங்கைக்குத்தான் தெரியும்" என்றார்.

தீயோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊர்க்கதைக்கும் அதே அளவுகோல்தான். தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வருகிறதாம் என்று சாப்பாட்டு மேசையில் யாராவது ஆரம்பிப்பார்கள். அண்ணை தலை நிமிராமல் கேட்பார், "கை வைச்சுப் பாத்தனியோ?" இன்னாருடைய மகள் ஒரு டேனிஷ் பெடியனோடு திரிகிறாளாம். "கை வைச்சுப் பாத்தனியோ?" கதை அந்த இடத்தில் செத்துப்போகும். சிலருக்கு அவரைக் கண்டாலே கசந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் சில நாள் கசந்தது. பொய்யோ மெய்யோ, நாலு பேர் கூடிக் கதைக்க ஒரு கதை வேண்டாமா?

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒருதரம்தான் தெரியவந்தது. தொழிற்சாலைக் குளியலறையில் அவருடைய இடது பாதத்தின் அடியைக் கண்டேன். தோல் முழுக்கச் சுருங்கி வெளிறியிருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"எங்கட கடை எரிஞ்சது. நூலகத்தை எரிச்ச எண்பத்தொண்டிலை இல்லை, அதுக்குப் பிறகு" என்றார். "மூண்டாம் நாள் அப்பாவின்ரை பெட்டகம் கிடக்கோ எண்டு பாக்கப் போனன். மேலை சாம்பல் குளிர்ந்து கிடந்தது. எல்லாரும் அணைஞ்சிட்டுது, அணைஞ்சிட்டுது எண்டினம். காலை வைச்சன்." துவாயால் விரலிடுக்கைத் துடைத்துக்கொண்டே, "அதுக்குப் பிறகு கை வைச்சுப் பாக்காமல் கால் வைக்கிறேல்லை" என்று முடித்தார். அவ்வளவுதான். பெட்டகம் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் தனிக்கட்டை. தங்கச்சியின் கலியாணம் முடியட்டும் என்று இருந்தவர், அது முடிந்த பிறகு தன் வயதைப் பார்த்துச் சிரித்துவிட்டு இருந்துவிட்டார். உலகத்தில் அவருக்கென்று இருந்தது அந்தத் தங்கச்சியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும்தான். மூத்தவன் பெடியன், சின்னவள் பெட்டை. தங்கச்சியின் கணவன் முன்னமே இறந்துபோனான். அவர்கள் வன்னியில் இருந்தார்கள். போர் முடிகிற வருடத்துக்கு முந்தைய மார்கழியில் தங்கச்சி கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தாள். கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டிட்டம், பிள்ளைகள் சுகம், அண்ணா நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

அந்த வசந்தத்தில் எங்கள் வீடுகளில் ஒருவரும் ஒழுங்காகச் சமைக்கவில்லை. கணினிக்கு முன்னால் இருந்தோம். லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் தொலைபேசி எடுத்தோம். இன்றைக்கு எவ்வளவு சனம், எந்த இடம், எந்த ஆஸ்பத்திரி. அண்ணைக்கு யாராவது செய்தி கொண்டுபோனால் அதே கேள்வி வரும். ஆனால் அந்த மாதங்களில் அவர் கேட்ட விதம் மாறியிருந்தது. முன்பு அது ஆளை மட்டம்தட்டுகிற கேள்வி. இப்போது பதிலுக்குக் காத்திருந்தார். யாராவது ஓம் என்று சொல்லிவிடமாட்டார்களா என்று முகத்தைப் பார்ப்பார். ஒருவரும் ஓம் சொல்லக்கூடிய நிலையில் இல்லை.

அவர் கோயில் குளம் போகிறவரில்லை. சாந்திக்கு அதுதான் கவலை. "அந்தப் பிள்ளையளுக்கு நேர்த்தி வைக்கக்கூட ஆளில்லையே" என்பாள். கோயில் எங்களுக்குக் காரில் நெடுந்தூரம். ஆனால் சைக்கிளில் பத்து நிமிடம் போனால், காடு முடிந்து புதர்வெளி தொடங்குகிற இடத்தில், ஒரு ஓக் மரம் நின்றது. அதன் அடியில் கிடந்த கல்லுக்கு ஒருபக்கம் தும்பிக்கை மாதிரி வளைவு. சாந்தி அதற்குச் சந்தனம் பூசிப் பிள்ளையார் ஆக்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் சின்னப் பித்தளை விளக்கையும் எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போவாள். நாய் கூட்டிவருகிற ஒரு டேனிஷ் கிழவி அந்தக் கல்லுக்கு ஒருநாள் காட்டுப்பூ வைத்துவிட்டுப் போயிருந்தாளாம். சாந்தி அதை எனக்குப் பெருமையாகச் சொன்னாள்.

வைகாசி நடுப்பகுதி. அந்த வெள்ளிக்கிழமை மழை கண்டு மூன்று கிழமை. சாந்தி போய்விட்டு வந்து தேத்தண்ணீர் வைத்தாள். நான் கோப்பையைக் கையில் எடுக்க, ஊர் நிலையத்துச் சங்கு ஊதியது. யன்னலால் பார்த்தேன். அண்ணையின் சைக்கிள் தெருவில் பறந்தது. காட்டுக்கு மேலால் புகை எழும்பியிருந்தது.

நான் சாந்தியைப் பார்த்தேன். அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விளக்கை அணைச்சனியோ?"

"எப்பிடி அணைக்கிறது? இருக்கிற ஆக்களுக்கு ஏத்தின விளக்கெல்லோ. எங்கட கையாலை எப்பிடி அணைக்கிறது?"

எங்கள் வீட்டில் அம்மாவும் அப்படித்தான். உயிரோடு இருப்பவருக்கு நேர்ந்து ஏற்றிய விளக்கு தானாக நூர வேண்டும், நாமாக அணைத்தால் அது அவர்கள் ஆயுளை அணைத்த மாதிரி. அதைக் கேள்வி கேட்க எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

நான் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பொலிஸ்காரர் பாதையை மறித்திருந்தார்கள். புதர்வெளியின் ஓரத்தில் நின்று பார்த்தேன். நெருப்பு உயரமில்லை, இடுப்பளவுதான். ஆனால் கிழக்குக் காற்று அதை நிலத்தோடு நிலமாகத் தள்ளிக்கொண்டு போனது. எரிகிற சத்தம் சோளம் பொரிகிற மாதிரி இருந்தது. மேற்கே ஒரு மைல் தூரத்தில் நாலு பண்ணை வீடுகள். அங்கிருந்த கிழவன் கிழவிகளை ஒரு பேருந்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தீயணைப்பு வண்டி புதருக்குள் இறங்கினால் மணலில் புதைந்துவிடும். அதனால் ஆட்கள் வரிசையாக நடந்து, நீண்ட தடியின் நுனியில் ரப்பர்ப் பட்டை பொருத்திய அடிப்பான்களால் நெருப்பின் ஓரத்தை அடித்து அடித்து நசுக்கினார்கள். அந்த வரிசையில் அண்ணை மூன்றாவதாக நின்றார். கட்டையான ஆள், தலைக்கவசம் அவருக்குக் கொஞ்சம் பெரிது. தூரத்தில் இருந்தே அடையாளம் தெரிந்தது.

பிறகு பண்ணைக்காரர் உழவு இயந்திரங்களில் வந்தார்கள். மாட்டுச்சாணிக் கரைசல் தெளிக்கிற பெரிய தாங்கிகளில் ஏரித் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, வீடுகளுக்கு முன்னால் இருந்த மணல்பாதை நீளத்துக்கும் இறைத்தார்கள். கழுவ நேரம் இருந்திருக்காது. அந்த வெளியெல்லாம் சாணி நாற்றம். அந்த நாற்றத்துக்குள் நின்று நான் பிள்ளையாரைக் கும்பிட்டேன். வெயில் சாயுமுன் நெருப்பு மணல்பாதையில் வந்து நின்றது. வீடு ஒன்றும் எரியவில்லை. ஆளுக்கும் சேதமில்லை.

எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அண்ணை போகவில்லை.

புதர்வெளியில் நெருப்பு மேலே அணைந்தாலும் கீழே சாகாது. அங்கே மண் வெறும் மண்ணில்லை. நூறு வருடத்து வேரும் இலையும் மக்கிக் கரிபோலக் கிடக்கும். நெருப்பு அதற்குள் இறங்கிப் புகையில்லாமல் இருந்துவிட்டு, நாலாம் நாள் முப்பது அடி தள்ளி எழும்பும். அதற்காக ஆள் நிறுத்திப் பார்ப்பார்கள். அண்ணை தொழிற்சாலையில் விடுப்புச் சொல்லிவிட்டு மற்றவர்களுடைய முறையையும் தானே எடுத்துக்கொண்டார். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிவிட்டு, கறுத்த நிலத்தில் முழங்காலில் நகர்ந்து, ஒவ்வொரு அடியாகப் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு பட்ட இடத்தில் ஒரு குச்சியை நட்டார். பின்னால் வருகிறவர் அதைத் தோண்டித் தண்ணீர் ஊற்றினார். சனியும் ஞாயிறும் இதுதான் நடந்தது. நான் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஓக் மரத்தடிக்கு அவர் வர இன்னும் எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அளந்தேன்.

திங்கட்கிழமை போர் முடிந்துவிட்டது என்றார்கள்.

மத்தியானம் லண்டனிலிருந்து ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அண்ணையின் ஊர்க்காரர். முள்ளிவாய்க்காலில் அண்ணையின் தங்கச்சி இருந்த பதுங்குகுழியில் செல் குண்டு விழுந்ததாம். மூன்று பேரும் முடிந்ததாம். பக்கத்தில் இருந்த ஒருவர் கண்டவராம். ஒரு மணி நேரத்துக்குள் ஏழு குடும்பமும் அண்ணையின் வீட்டு வாசலில் கூடிவிட்டது. பெண்கள் அழுதார்கள். வீட்டுக்காரர் மட்டும் இல்லை. கூட்டிவர என்னைத்தான் அனுப்பினார்கள்.

நான் போனபோது அவர் ஓக் மரத்துக்குப் பத்தடி தூரத்தில் முழங்காலில் இருந்தார்.

"அண்ணை, வீட்டை வாங்கோ. சனம் வந்திருக்குது."

"ஏன்?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணைச் சுற்றிக் கரி.

"ஆர் கண்டது?"

"பக்கத்திலை இருந்த ஒராள்."

"அவரோடை நீ கதைச்சனியோ?"

"இல்லை, லண்டன்காரர்தான்..."

"லண்டன்காரர் கை வைச்சுப் பாத்தவரோ?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மூன்று நாளாக எனக்குள் இருந்த பயமும் சேர்ந்து வந்தது. "எல்லாம் முடிஞ்சுது அண்ணை! உலகம் முழுக்கச் சொல்லுது. உங்களுக்கு மட்டும் என்ன? ஒருக்கா அழுதால் என்ன குறைஞ்சு போவீங்கள்?" என்று கத்தினேன்.

அவர் மறுபடி குனிந்து கையை வைத்தார். நகர்ந்தார். வைத்தார். மரத்தின் வேருக்குக் கிட்ட வந்ததும் கையைச் சட்டென்று எடுத்தார். சிறு மண்வெட்டியால் தோண்டினார். உள்ளே சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றினார், மறுபடி தோண்டினார். எரிந்து உள்வாங்கிய மண்ணோடு சேர்ந்து எங்கள் பித்தளை விளக்கு வந்தது.

அதைக் கையில் வைத்து மண்ணைத் தட்டினார். எங்கள் வீட்டுச் சாமியறையில் எத்தனையோ தரம் பார்த்த விளக்கு. யாருடையது என்று கேட்கவே தேவையில்லை. கேட்கவும் இல்லை. கல்லைப் பார்த்தார். அதில் சந்தனம் கரியாகிக் காய்ந்திருந்தது.

"அண்ணை, விடுங்கோ" என்றேன். "ஒருத்தருக்கும் தெரியாது. சாந்தியின்ரை டேனிஷ் பாஸ்போட் அலுவல் நடக்குது. இந்த நேரம் தண்டம் கிண்டம் விழுந்தால் எல்லாம் பிழைச்சுப் போகும்."

"எனக்குத் தெரியுமே" என்றார். "நாளைக்குக் காலமை சாந்திப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கட ஸ்டேசனுக்கு வா."

வீட்டு வாசலில் நின்ற சனத்தை அவர் அன்றைக்கு உள்ளே எடுக்கவில்லை. "வந்ததுக்குச் சந்தோசம். இண்டைக்குப் போங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கல்மனம் என்று ஒருவர் சொன்னார். நான் வீட்டுக்குப் போய் அதைவிட மோசமான வார்த்தைகளைச் சொன்னேன். சொந்தச் சனத்தைக் காட்டிக்கொடுக்கிறவர் என்றேன். சாந்தி காலையில் தலைவாரிப் பொட்டு வைத்து எனக்கு முன்னமே வாசலில் நின்றாள்.

தீயணைப்பு நிலையத்தில் ஒரு மேசை, கோப்பி இயந்திரம், வரிசையாகத் தொங்கும் மேலங்கிகள். பிரிவுத் தலைவர் ஹென்ரிக் அறிக்கைத் தாளோடு இருந்தார். நல்ல மனிதர், தச்சு வேலை செய்கிறவர். மேசையில் எங்கள் விளக்கு. சாந்திக்கு டேனிஷ் தெரியாமல் இல்லை. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க அதில்தான் கதைக்கிறாள். அன்றைக்கு வாய் பூட்டிக்கொண்டது. அண்ணைதான் மொழிபெயர்த்தார். ஹென்ரிக் கேட்பதை அவளுக்கு எங்கள் தமிழில் சொன்னார். அவள் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் டேனிஷில் சொன்னார்.

"தடை இருப்பது தெரியுமா?"

"தெரியும்."

"விளக்கை ஏன் அணைக்காமல் போனீர்கள்?"

சாந்தி எனக்குச் சொன்னதையே சொன்னாள். இருக்கிற ஆட்களுக்கு ஏற்றிய விளக்கை எங்கள் கையால் அணைக்கக்கூடாது. அண்ணை சொல்லிக்கொண்டு வந்தவர், 'இருக்கிற ஆட்கள்' என்ற இடத்தில் சரியான டேனிஷ்ச் சொல்லைத் தேடிக் கொஞ்சம் நின்றார். பிறகு 'உயிரோடு இருப்பவர்கள்' என்று சொன்னார்.

ஹென்ரிக் எழுதினார். "யாருக்காக ஏற்றினீர்கள்?"

அண்ணை கேட்டார், "ஆருக்காக ஏத்தினனீ பிள்ளை?"

சாந்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீர் ஓடியது. "உங்கட தங்கச்சிக்குத்தான் அண்ணை. பிள்ளையளுக்கும். மூண்டு திரி."

அவர் வேறு ஏதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். உறவினருக்காக என்று சொல்லலாம், சாமிக்காக என்று சொல்லலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? அவர் ஹென்ரிக்கைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார், "என்னுடைய தங்கைக்கு. அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கு."

ஹென்ரிக் பேனாவை வைத்துவிட்டார். பதினைந்து வருடம் ஒன்றாக நெருப்பணைத்தவர்கள். அவருக்குத் தங்கை இருப்பதே ஹென்ரிக்குக்குத் தெரியாது.

"உன் தங்கை எங்கே?"

"தெரியாது."

"உயிரோடு இருக்கிறாளா?"

"தெரியாது என்றுதானே சொல்கிறேன்."

"இதை நான் எழுதத் தேவையில்லை" என்றார் ஹென்ரிக்.

"காரணம் கேட்டாய். அதுதான் காரணம். எழுது."

ஹென்ரிக் எழுதினார். முடிந்ததும் அண்ணை கோப்பைகளைக் கழுவி வைத்தார். சாந்தியிடம் வந்து, "இனி வீட்டுக்குள்ளை கொளுத்து பிள்ளை. சட்டியிலை மணல் போட்டு, அதுக்கு மேலை வை" என்றார். அவ்வளவுதான்.

தண்டக் கடிதம் வந்தது. கடவுச்சீட்டு அலுவல் பிந்தியது. சாந்தி அதற்காக ஒருநாளும் அவரைக் குறைசொன்னதில்லை. நான் சொன்னேன். ஆறு மாதம் அவரோடு கதைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அவர் தங்கச்சிக்கு எட்டாம் நாள் சடங்கும் செய்யவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்யவில்லை. செய்யாவிட்டால் ஆத்மா அலையும் என்று ஆட்கள் போய்ச் சொன்னார்கள். "கை வைச்சுப் பாத்திட்டுச் செய்வம்" என்று திருப்பி அனுப்பினார். அகதி முகாம் பட்டியல்களை வரவழைத்துப் பெயர் பெயராகப் பார்த்தார். செஞ்சிலுவைக்கு எழுதினார். எழுதியதற்குப் பதில் வராவிட்டால் மறுபடி எழுதினார். ஆறு மாதம் முடிய நான்தான் முதலில் போய்க் கதைத்தேன். நேற்றுத்தான் கதைத்த மாதிரி, வெளியே வழுக்குது, சைக்கிளில் கவனமாகப் போ தம்பி என்றார்.

இரண்டு வருடம் கழித்துப் பேஜரை ஹென்ரிக்கிடம் கொடுத்துவிட்டு இலங்கைக்குப் போனார். அந்த ஐந்து நிமிடத் தூரத்தைத் தாண்டி அவர் போனதை நான் கண்டது அதுதான் முதல்தடவை. ஆறு கிழமை ஒரு செய்தியும் இல்லை. புரட்டாதியில் ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் எங்கள் கதவு தட்டப்பட்டது. பயணப்பையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வெயிலில் கறுத்து, இன்னும் மெலிந்திருந்தார். குசினி மேசையில் இருந்தார்.

"பிள்ளை, அந்த விளக்கு இருக்கோ?"

ஹென்ரிக் அறிக்கை முடிந்ததும் அதை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தந்திருந்தார். சாந்தி அதற்குப் பிறகு அதை ஏற்றியதில்லை. அலுமாரிக்குள்ளிருந்து எடுத்துத் துடைத்தாள். சட்டியில் மணல் போட்டாள். எண்ணெய் ஊற்றி, பழைய ஞாபகத்தில் மூன்று திரி போட்டாள்.

அண்ணை அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு திரியை எண்ணெயிலிருந்து எடுத்துப் பிழிந்தார். கைதுடைக்கும் கடதாசியில் சுற்றித் தன் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இது வேண்டாம்" என்றார். "சின்னவள் இருக்கிறாள்."

சாந்தியின் கையில் தீப்பெட்டி அப்படியே நின்றது. அதுவரை ஒருவரும் அவரிடம் திருப்பிக் கேட்காத கேள்வியை அவள்தான் கேட்டாள்.

"கை வைச்சுப் பாத்தனீங்களோ அண்ணை?"

"ஓம் பிள்ளை. தலையிலை. வவுனியாவிலை ஒரு அநாதைப் பிள்ளையள் விடுதியிலை நிக்கிறாள். என்னைத் தெரியேல்லை அவளுக்கு. பேசாமல் நிண்டாள். ஆனா கை வைக்க விட்டாள்."

நான் மற்ற இரண்டு திரிகளையும் பார்த்தேன். அவரே சொன்னார்.

"மற்ற ரெண்டு பேருக்கும் நான் கை வைச்சுப் பாக்க அங்கை ஒண்டும் இல்லை. பெட்டைதான் சொன்னவள். தாயும் தமையனும் எழும்பேல்லையாம். தட்டிப் பாத்தவளாம். அவள் கை வைச்சுப் பாத்தவள்."

சாந்தி திரும்பி நின்று அழுதாள். நானும் அழுதேன். அவர் தீப்பெட்டியை எடுத்து இரண்டு திரியையும் தானே கொளுத்தினார். குச்சியைக் குழாயில் நனைத்துக் குப்பையில் போட்டார். பிறகு விளக்கின் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு இருந்தார். பிறந்தநாள் மெழுகுதிரியைக்கூட விட்டுவைக்காத மனிதர், அந்த இரண்டு திரியும் எண்ணெய் வற்றித் தாமாக நூரும்வரை அசையாமல் இருந்தார். சாந்தி வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போனது.

நூர்ந்த பிறகு விளக்கின்மேல் புறங்கையை வைத்தார். குளிர்ந்துவிட்டது என்று சொல்லி எழும்புவார் என்று பார்த்தேன். எழும்பவில்லை. கையை எடுக்காமலே, "தேத்தண்ணியைச் சூடாக்கித் தா பிள்ளை" என்றார்.